அடுத்த செஷனுக்கு முன்: நம் மேஜையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம்: நான் கதையை நடத்த, நீங்கள் ஆளுக்கொரு கேரக்டராக டைஸ் உருட்டி ஆடும் மேஜை விளையாட்டு. வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல்தான் எனக்குக் கேள்விகள் வரத் தொடங்கும். அதே கேள்விகள், ஐந்து பேரிடமிருந்து, ஐந்து விதமாக. தனித்தனியாகப் பதில் தட்டி விரல் தேய்ந்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். ஆட்டத்தை நடத்தும் டிஎம் என்ற முறையில் எழுதுவது. வேறு மேஜைகளில் ஆடுபவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியும் மட்டும் நமக்கானவை.

போன தடவை எங்கே விட்டோம்?

வெண்துறை ஏரியில் மூழ்கிப்போன மடாலயம். தண்ணீருக்கு மேலே தெரிவது மணிக்கூண்டு மட்டும். அமாவாசை தோறும் அந்த மணி தானாக அடிக்கிறது, அடித்த மறுநாள் ஊரில் ஒருவர் காணாமல் போகிறார். ஓடக்காரக் கிழவர் பாதிக் கூலியை முன்பணமாக வாங்கிக்கொண்டு உங்களைக் கூண்டில் இறக்கிவிட்டார். மேலே ஏறினீர்கள். இரண்டு எலும்புக்கூடுகளோடு சண்டை. மந்திரவாதியான விசார்டுக்கு மிஞ்சியது 3 ஹெச்பி (உயிர்ப் புள்ளி). அங்கேயே கதவை அடைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் முழு ஓய்வு எடுத்தீர்கள். எழுந்ததும் திருடரான ரோக் போய் மணிக்கயிற்றைப் பிடித்தார். நான் நோட்டை மூடினேன்.

தயாராக எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

அரை மணி நேரம். பரீட்சைக்குப் படிப்பதுபோல் விதிப் புத்தகத்தை உருப்போட வேண்டாம். விதி மறந்தால் மேஜையில் யாராவது சொல்லிவிடுவார்கள். ஆனால் உங்கள் கேரக்டர் இப்போது எதற்காக அந்தக் கூண்டில் நிற்கிறது என்பதை உங்களைத் தவிர யாரும் சொல்ல முடியாது. அரை மணியில் பத்து நிமிடம் அதற்கு. மீதி இருபது நிமிடம், கேரக்டரின் எண்களை எழுதி வைக்கும் ஷீட்டுக்கு.

குறிப்பு எடுத்தே ஆக வேண்டுமா? டிஎம் கிட்டதான் எல்லாம் இருக்கே?

என்னிடம் இருப்பது என் குறிப்பு. அதில் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இருக்கும். சாவி யாரிடம் இருக்கிறது என்று இருக்காது.

இரண்டு மாதத்துக்கு முந்தைய கூத்து நினைவிருக்கிறதா? மடாதிபதியின் சவப்பெட்டியிலிருந்து ஓர் இரும்புச் சாவி எடுத்தீர்கள். அடுத்த செஷனில் பூட்டிய கதவு முன் நின்று, "சாவி உன்கிட்டதானே இருந்துச்சு?" என்று ஆரம்பித்தது. பூசாரியான கிளெரிக் வேட்டைக்காரரான ரேஞ்சரைக் கை காட்டினார், ரேஞ்சர் ரோக்கைக் கை காட்டினார், ரோக் சத்தியம் செய்தார். நாற்பது நிமிடம். கதவுக்கு அந்தப் பக்கம் ஒன்றரை நாள் உட்கார்ந்து நான் தயார் செய்த அறை. அதைப் பார்க்காமலேயே வீட்டுக்குப் போனீர்கள். சாவி விசார்டின் ஷீட்டின் பின்பக்கத்தில், பென்சிலில், மளிகைக் கணக்குக்குக் கீழே எழுதியிருந்தது.

அதனால் எல்லாரும் எழுத வேண்டாம், ஒருவர் எழுதினால் போதும். முறை வைத்துக்கொள்ளுங்கள். மூன்றே விஷயம்: யாரைப் பார்த்தோம், என்ன வாக்குக் கொடுத்தோம், எந்தப் பொருள் யாரிடம். மூன்றாவதுதான் முக்கியம். இந்தத் தடவை எழுதுவது போர்வீரரான ஃபைட்டர்.

லெவல் 5 ஆகிவிட்டோம். ஷீட்டில் என்னென்ன மாற்ற வேண்டும்?

இந்தக் கேம்பெயினிலேயே, அதாவது பல செஷனாக ஓடும் இந்தத் தொடர்கதையிலேயே, பெரிய ஏற்றம் இதுதான். 6,500 அனுபவப் புள்ளி சேர்த்து வந்திருக்கிறீர்கள், சும்மா இல்லை. அடுத்த பல லெவல்களில் இப்படி ஒரு தாவல் கிடையாது. ஆகவே சனிக்கிழமை மூன்றே முக்காலுக்கு வந்து ஏற்றிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

முதலில் எல்லாருக்கும் பொதுவானது. ப்ரொஃபிஷியன்சி போனஸ், அதாவது கை வந்த காரியங்களில் உருட்டலோடு கூட்டும் எண், +2 இலிருந்து +3. இது ஓர் இடத்தில் மாற்றினால் தீராது. தாக்குதல், கை வந்த திறமைகள், கை வந்த சேவிங் த்ரோ (ஆபத்திலிருந்து தப்பும் உருட்டல்) எல்லாவற்றிலும் ஒன்று கூடும். ஸ்பெல் (மந்திரம்) போடுபவர்கள் பெரும்பாலும் மறப்பது ஸ்பெல் சேவ் டிசி, அதாவது அதிலிருந்து தப்ப எதிரி எட்ட வேண்டிய எண். 8, அதோடு ப்ரொஃபிஷியன்சி, அதோடு உங்கள் ஸ்பெல் திறனின் மாடிஃபையர் (கூட்டும் எண்). அதுவும் ஒன்று ஏறும். போன கேம்பெயினில் ஒருவர் மூன்று மாதம் பழைய எண்ணோடு ஆடினார். அந்த மூன்று மாதமும் தப்பித்த பூதங்கள் இன்னும் அவருக்கு நன்றி சொல்கின்றன.

ஹெச்பிக்கு உருட்டலாம், அல்லது நிலையான எண்ணை எடுத்துக்கொள்ளலாம். ஃபைட்டருக்கும் ரேஞ்சருக்கும் 6, கிளெரிக்குக்கும் ரோக்குக்கும் 5, விசார்டுக்கு 4. மேலே கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) மாடிஃபையர். உருட்டுவதானால் என் முன்னால்தான். வீட்டில் உருட்டி பத்து விழுந்தது என்று சொல்பவர்களை நம்பாமல் இல்லை, ஆனால் நம்புவதாகவும் இல்லை.

இனி ஆளாளுக்கு. ஃபைட்டருக்கும் ரேஞ்சருக்கும் எக்ஸ்ட்ரா அட்டாக்: தாக்கும் முறையில் இரண்டு வெட்டு. ரேஞ்சருக்கு இரண்டாம் நிலை ஸ்பெல்களும் திறக்கின்றன. ரோக்கின் ஸ்னீக் அட்டாக் (எதிரி அசந்த நேரத்தில் அடிப்பது) மூன்று டி6, அதாவது மூன்று ஆறுமுக டைஸ், ஆகிறது. அதில் ஒரு டைஸை விட்டுக்கொடுத்து எதிரியைத் தடுக்கி விழவைக்கலாம், இல்லை அடித்துவிட்டு நழுவலாம். அன்கேனி டாட்ஜும் வருகிறது, வாங்கிய அடியில் பாதியைக் குறைக்கும். ரியாக்‌ஷன் (பிறர் முறையில் சட்டென்று செய்வது) என்பதால் ஒரு ரவுண்டுக்கு, அதாவது எல்லாரும் தலா ஒரு முறை ஆடி முடிப்பதற்குள், ஒரு தடவைதான். கிளெரிக்குக்கும் விசார்டுக்கும் மூன்றாம் நிலை ஸ்பெல்கள், நாளுக்கு இரண்டு ஸ்லாட், அதாவது இரண்டு தடவை போடலாம். எத்தனை தடவையும் போடக்கூடிய சின்ன ஸ்பெல்லான கேன்ட்ரிப்பில் அடிக்கும் டைஸும் ஒன்றிலிருந்து இரண்டாகிறது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

விசார்ட் ஃபயர்பால் (நெருப்புக் குண்டு) எடுக்கப்போகிறார் என்பது எனக்குத் தெரியும். எட்டு டி6, 20 அடி ஆரம். ஆரம் என்றால் விட்டம் 40 அடி. நீங்கள் இப்போது நிற்கும் அறை 25 அடி அகலம். மேற்கொண்டு நான் எதுவும் சொல்லவில்லை.

என்னிடம் 2014 புத்தகம் இருக்கிறது. அது போதாதா?

நம் மேஜையில் 2024 விதிகள். இரண்டும் ஐந்தாம் பதிப்புதான், முக்கால்வாசி ஒன்றேதான். வம்பு மிச்சக் கால்வாசியில். பழையதில் மருந்துக் குப்பியைக் குடிக்க, உங்கள் முறையின் முக்கிய வேலையான ஒரு முழு ஆக்‌ஷன் போகும். புதியதில் கூடுதல் சின்ன வேலையான போனஸ் ஆக்‌ஷனில் குடித்துவிட்டு வாளையும் வீசலாம். காயம் ஆற்றும் க்யூர் வூண்ட்ஸ் பழையதில் ஒரு டி8, இப்போது இரண்டு. ஆளுக்கொரு பதிப்பைப் புரட்டினால் செத்தவர் பிழைத்தாரா என்பதிலேயே சண்டை வரும். கதைக்கும் படத்துக்கும் பழைய புத்தகத்தைப் படியுங்கள். விதிக்கு வேண்டாம்.

புதுப் புத்தகம் வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டாம். எஸ்ஆர்டி என்ற அடிப்படை விதித் தொகுப்பை வெளியீட்டாளர்களே இலவசமாகத் தருகிறார்கள். 2024 விதிகளுக்கான 5.2 பதிப்பு 2025இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தது. ஃபைட்டர், விசார்ட் மாதிரி பன்னிரண்டு வகுப்புகளும் அதில் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் உட்பிரிவுதான் இருக்கும். பிடிஎஃப் ஆக இறக்கி உங்கள் வகுப்பின் பக்கங்களை மட்டும் அச்செடுத்துக்கொண்டால் தாராளம்.

என் முறை வந்ததும் மூளை உறைந்துபோகிறது. என்ன செய்ய?

முதலில் ஒரு கணக்கு. நீங்கள் ஐந்து பேர். ஆளுக்கு இரண்டு நிமிடம், எனக்கு மூன்று: ஒரு ரவுண்டு பதின்மூன்று நிமிடம். நான்கு ரவுண்டு சண்டை ஒரு மணி நேரத்துக்குள் முடியும். இதையே ஆளுக்கு ஐந்து நிமிடம் எடுத்தால் அதே சண்டைக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகிறது. கதைக்குள் ஒரு ரவுண்டு ஆறு விநாடிதான், ஆக இரண்டுமே 24 விநாடி.

இத்தனைக்கும் நீங்கள் யோசிக்கும் நேரத்தைவிட ஷீட்டில் தேடும் நேரம்தான் அதிகம். எனவே ஒரு சின்ன அட்டை. அஞ்சலட்டை அளவு போதும். அதில் நான்கு வரி: ஆக்‌ஷனில் நான் வழக்கமாகச் செய்வது, போனஸ் ஆக்‌ஷனில் செய்யக்கூடியது, ரியாக்‌ஷன், உயிர் போகும் நிலையில் செய்வது. கிளெரிக் போன மாதம் எழுதிக்கொண்டு வந்ததைப் பார்த்தேன்:

ஆக்‌ஷன்: சேக்ரட் ஃப்ளேம், டெக்ஸ் சேவ், இப்போது 2டி8.
போனஸ்: ஹீலிங் வேர்ட், 60 அடி, விழுந்தவருக்கு மட்டும்.
ரியாக்‌ஷன்: யாராவது நழுவினால் கதாயுத அடி.
உயிர் போனால்: ஓடு. சாமி காப்பாத்தும்.

நான்காவது வரிக்கு விதியில் ஆதாரம் இல்லை. ஆனாலும் அன்று மிக வேகமாக ஆடியவர் அவர்தான்.

உங்களுக்கு முந்தைய ஆள் ஆடும்போதே முடிவெடுத்துவிடுங்கள். அவர் ஏதாவது செய்து நிலைமை மாறிவிட்டால், மாற்றி யோசிக்க ஒரு நிமிடம் கேளுங்கள், தருகிறேன். "என்ன நடந்துச்சு? யார் அடிபட்டிருக்கா?" என்று கேட்டால்தான் கோபம் வரும்.

கான்சன்ட்ரேஷன் எனக்கு இன்னும் புரியவில்லை.

சில ஸ்பெல்கள் நீடிக்க அவற்றிலேயே கவனத்தை வைத்திருக்க வேண்டும், அப்படி ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருக்க முடியும். ப்ளெஸ் ஓடும்போது கான்சன்ட்ரேஷன் தேவைப்படும் இன்னொரு ஸ்பெல் போட்டால் ப்ளெஸ் போய்விடும். அடிபட்டால் கான்ஸ்டிடியூஷன் சேவ். இலக்கு 10, அல்லது அடியில் பாதி, எது பெரிதோ அது. அந்த ஸ்பெல்களை ஷீட்டில் சுழித்து வையுங்கள்.

செஷனுக்கு முன்பே கடைக்குப் போய்வர முடியுமா?

இந்தத் தடவை முடியாது. ஏரி நடுவில் நிற்கிறீர்கள். ஆனால் ஊரில் இருந்த நான்கு நாளில் வாங்கியதாக எதையாவது சேர்க்க விரும்பினால் வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு எழுதுங்கள், காசைக் கழித்துக்கொண்டு ஒத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை கேட்டால் கிடையாது.

கிளெரிக்குக்குத் தனியாக ஒரு வார்த்தை. லெவல் 5 இல் ரெவிவிஃபை வருகிறது: இறந்து ஒரு நிமிடத்துக்குள், அதாவது பத்து ரவுண்டுக்குள், தொட்டால் உயிர் திரும்பும். அதற்கு 300 பொற்காசு மதிப்புள்ள வைரம் வேண்டும், ஒவ்வொரு தடவையும் அது கரைந்துவிடும். ஸ்பெல்லை எழுதிக்கொண்டு வைரத்தை மறந்துவிட்டு, சடலத்தின் பக்கத்தில் மண்டியிட்டுத் திருதிரு என்று முழித்த பார்ட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து பேர் பணப்பையையும் கவிழ்த்துக் கூட்டிப் பாருங்கள். என் கணக்கில் 340 இருக்கிறது.

என் கேரக்டருக்குப் பத்துப் பக்க முன்கதை எழுதியிருக்கிறேன். அனுப்பட்டுமா?

அனுப்புங்கள், படிப்பேன். ஆனால் அதைவிட எனக்கு உதவுவது ஒரே ஒரு வாக்கியம்: வருகிற செஷனில் என் கேரக்டருக்கு என்ன வேண்டும்? "தந்தையைக் கொன்றவனைப் பழிவாங்க வேண்டும்" என்பது கேம்பெயின் முழுவதற்கும் உரியது. சனிக்கிழமைக்கு அது உதவாது. "ஓடக்காரர் பொய் சொல்கிறார் என்று நினைக்கிறேன், திரும்பும்போது அவரை மடக்கிப் பேச வேண்டும்" என்று ரேஞ்சர் எழுதினார். அந்த ஒரு வரிக்காக ஓடக்காரருக்கு ஒரு பேத்தியையும் ஒரு கடனையும் உருவாக்கி வைத்திருக்கிறேன். பத்துப் பக்கத்தில் பாதி எனக்கு நினைவில் நிற்காது. இது நிற்கும்.

கேரக்டர் எந்தத் தமிழில் பேச வேண்டும்? "மன்னா" என்றெல்லாம் சொன்னால் எனக்கே சிரிப்பு வருகிறது.

சிரிப்பு வந்தால் வேண்டாம். செந்தமிழ் பேசினால்தான் மாயலோகம் என்று யாரும் சட்டம் போடவில்லை. ராஜசபையில் நாடக வசனம் எடுபடும். பொறியில் கால் மாட்டிக்கொண்டு தொங்கும்போது "ஐயகோ" என்றால் மேஜையே கவிழும். எல்ஃப் இலக்கணமாகப் பேசட்டும், ட்வார்ஃப் கோவைத் தமிழில் "ஏனுங்க" என்று இழுக்கட்டும். ஆறு மாதமாக நம் ட்வார்ஃப் அப்படித்தான் பேசுகிறார், இப்போது வேறு குரலில் அவரை நினைக்கவே முடியவில்லை.

குரலை மாற்ற வராது, வெட்கமாக இருக்கிறது என்பவர்களுக்கு இதைவிட எளிய வழி உண்டு. யாரை நீ என்பது, யாரை நீங்கள் என்பது, இதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு வாருங்கள். ஆங்கிலத்தில் ஆடுபவர்களுக்குக் கிடைக்காத வசதி இது. காவல்காரனிடம் ஃபைட்டர் "யாருடா நீ?" என்றதும் என் தலைக்குள் அவன் கை ஈட்டிக்குப் போய்விட்டது. அதே காவல்காரனைக் கிளெரிக் "அண்ணே" என்றதும் கை இறங்கியது. பெர்சுவேஷன் (பேசி இணங்கவைக்கும்) உருட்டலுக்கு இலக்கை 15 இலிருந்து 12 ஆக்கினேன். அது உங்களுக்குத் தெரியாது. கூண்டுக்குள் ஒரு குரல் கேட்கப்போகிறது, அதற்கு என்ன மரியாதை கொடுப்பீர்கள் என்று யோசித்து வையுங்கள். வாய்தவறிச் சொன்னாலும் கணக்கில் எடுத்துக்கொள்வேன்.

"என் கேரக்டர் அப்படித்தான் செய்யும்" என்றால் தப்பா?

கேரக்டரை உருவாக்கியதே நீங்கள்தானே? கூட்டாளியின் பையில் திருடும் ஆளாக அதை வைத்திருப்பதும் உங்கள் முடிவுதான். மற்ற நான்கு பேரும் சிரித்தால் செய்யுங்கள். ஒருவர் முகம் மாறினாலும் நிறுத்திவிட்டு வேறு வழி பாருங்கள்.

மான்ஸ்டர் புத்தகத்தைப் படித்துவிட்டு வரலாமா?

படிப்பதை நான் தடுக்க முடியாது. ட்ரோல் என்ற அரக்கனுக்கு வெட்ட வெட்டக் காயம் ஆறிக்கொண்டே வரும், நெருப்போ அமிலமோ பட்டால்தான் அது நிற்கும் என்பது ஊருக்கே தெரிந்த ரகசியம். தெரியாததுபோல் நடிக்கச் சொன்னால் அது இன்னும் பெரிய அவஸ்தை. தெரிந்தால், உங்கள் கேரக்டருக்கு எப்படித் தெரியும் என்று ஒரு வரி சொல்லுங்கள். பாட்டி கதையில் கேட்டது என்றாலும் சரி. ஹெச்பி எத்தனை, ஆர்மர் கிளாஸ் (அடி பட உருட்டலில் எட்ட வேண்டிய எண்) எத்தனை என்று மேஜையில் எண்களை ஒப்பிக்க மட்டும் வேண்டாம். நான் மாற்றி வைத்திருப்பேன், ஏமாந்து போவீர்கள்.

எனக்குச் சில விஷயங்கள் கதையில் வந்தால் தாங்காது.

எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். காரணம் கேட்க மாட்டேன். கேம்பெயின் தொடங்குமுன் பேசியபோது சொல்லவில்லையே என்றும் நினைக்க வேண்டாம், இப்போதும் சொல்லலாம். மேஜை நடுவில் எக்ஸ் போட்ட அட்டை இருக்கிறதல்லவா? ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் என்பவர் வடிவமைத்த முறை அது. யார் அதைத் தொட்டாலும் அந்தக் காட்சி அங்கேயே வெட்டப்படும், விளக்கம் தர வேண்டியதில்லை. இதுவரை ஒரே தடவை தொடப்பட்டது. சிலந்திக் குகை எலிக் குகையாகியது, ஆட்டம் அப்படியே ஓடியது.

இந்தத் தடவை தண்ணீரும் மூச்சுத்திணறலும் வரும். இப்போதே சொல்லிவிட்டேன்.

வர முடியாவிட்டால்?

வியாழக்கிழமைக்குள் சொன்னால் உங்கள் கேரக்டர் படகைக் காவல் காக்கும், சாகாது. இரண்டு பேர் வராவிட்டால் செஷனைத் தள்ளிவைப்போம். சனிக்கிழமை மூன்றரைக்கு "ஸாரி" என்று வந்தால் கேரக்டரை ஃபைட்டர் நடத்துவார். ஃபைட்டர் எப்படி நடத்துவார் என்பது உங்களுக்கே தெரியும்.

என் கேரக்டர் செத்துவிட்டால் அன்றைக்கு நான் சும்மா உட்கார வேண்டுமா?

அவ்வளவு சீக்கிரம் சாவு வராது. ஹெச்பி பூஜ்யமானால் மயக்கம். உங்கள் முறை வரும்போதெல்லாம் டி20 (இருபதுமுக டைஸ்) ஒன்று உருட்ட வேண்டும். 10 அல்லது மேலே என்றால் வெற்றி, கீழே என்றால் தோல்வி, எது முதலில் மூன்று சேர்கிறதோ அது. 20 விழுந்தால் 1 ஹெச்பியோடு எழுந்துவிடுவீர்கள். தாயக்கட்டையில் ஒன்று விழுந்தால் "தாயம்" என்று குதிப்போம், இங்கே ஒன்று விழுந்தால் இரண்டு தோல்வியாகக் கணக்கு. பழக்கதோஷத்தில் கைதட்டிவிடாதீர்கள்.

அப்படியும் போய்விட்டால், கூண்டுக்கு அடியில் ஒரு கைதி இருக்கிறார். அவருக்கான ஷீட் என்னிடம் தயார். இதற்கு மேல் கேட்காதீர்கள்.

நான் ஆன்லைனில்தான் சேர முடியும்.

மூன்று ஐம்பதுக்கே டிஸ்கார்டில் வந்து மைக்கைச் சோதித்துவிடுங்கள். ஃபேனை மைக்குக்கு நேராக வைக்காதீர்கள். வரைபடம் ரோல்20 இணையதளத்தில் திறந்திருக்கும். மின்சாரம் போனால் குறுஞ்செய்தி, அடுத்த முறை வரை காத்திருப்போம்.

என்ன கொண்டுவர வேண்டும்?

ஷீட், பென்சில், ஒரு செட் டைஸ். பேனா வேண்டாம், ஹெச்பியைப் பேனாவில் எழுதி அடித்து அடித்து ஷீட் கிழிந்த கதை போதும். விசார்ட் எட்டு டி6 தேடிக்கொள்ளவும். தின்பண்டம் எதுவானாலும் எண்ணெய் ஒட்டாததாக இருக்கட்டும். போன தடவை பஜ்ஜி தின்ற கையோடு ஷீட்டைத் தொட்டதில் ரேஞ்சரின் ஆர்மர் கிளாஸ் 15ஆ 16ஆ என்று இன்றுவரை படிக்க முடியவில்லை. 15 என்றே வைத்திருக்கிறேன்.

கயிற்றை இழுத்தால் என்ன ஆகும்?

ரோக் மட்டும் இதை மூன்று தடவை கேட்டுவிட்டார். நீங்கள் ஏறி வந்தது எந்த நாள் என்று ஃபைட்டரின் குறிப்பில் பாருங்கள். எழுதாமல் விட்டிருந்தால், ஓடக்காரர் ஏன் இருட்டுவதற்குள் கரைக்குத் திரும்ப அவ்வளவு அவசரப்பட்டார் என்று நீங்களே பேசி வையுங்கள். நான்கு மணி. நேரத்துக்கு வாருங்கள்.